இரட்டைப் புள்ளிகள்

மே 4, திங்கள்

மேல்தொட்டி கழுவ ஆள் வந்திருந்த நேரம் பார்த்து ஒரு விருந்தாளி. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு செம்பு வாங்கி டீ போட்டேன்.

வந்தவள் பெயர் ஜுலைகா. உத்தமபாளையத்துப் பெண். வாழை ஆராய்ச்சி நிலையத்தில் பயிர்நோய் பார்க்கிறவள். முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. வாசலில் விட்ட செருப்பில் அரைக் கிலோ மண் இருந்தது. போன வருடம் மதுரையில் நான் பேசிய கருத்தரங்கில் இருந்தாளாம். அன்றைக்கு அந்த அறையில் தூங்காமல் ஒருத்தராவது இருந்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மேலச்செங்குளம் பாசனத்தில் வாழைக்கு வாடல் நோய் வந்திருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சாணம். வந்துவிட்டால் மருந்து கிடையாது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறிப் பாயும் தண்ணீரோடும், வேலையாட்களின் மண்வெட்டியில் ஒட்டும் மண்ணோடும் அது போகும். இப்போதைக்கு வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் மட்டும் இருக்கிறது. ஜூன் முதல் வாரம் அணைத் தண்ணீர் திறந்தால் கடைமடை வரைக்கும் போய்விடும். அதற்குள் நடுவில் சில தோட்டங்களைத் தோண்டி எரித்து, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டால் நோய் தாண்டாது. எந்தத் தோட்டங்களை என்பதுதான் கேள்வி. எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக அழிக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

நான் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். மிச்ச நேரத்தில் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டால் ஒரு வலை இரண்டாகப் பிரியும் என்பதுதான் பல வருடமாக என் ஆராய்ச்சி. தோட்டத்தைப் புள்ளியாகவும், தண்ணீரும் ஆளும் போகிற வழியைக் கோடாகவும் வைத்தால், அவள் கேட்பதும் நான் செய்வதும் ஒன்றேதான். என் புள்ளிகளுக்கு ஊர், பேர் இருக்கக்கூடும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“உங்க முறையைக் குடுத்தீங்கன்னா நாங்களே போட்டுப் பாத்துக்குவோம் மேடம்” என்றாள்.

“கட்டுரை இன்னும் அச்சாகலையே.”

“நான் யாருக்கும் காட்ட மாட்டேன்.”

“அதுக்கில்லம்மா. மூணாவது துணைத்தேற்றத்துல நிரூபணம் இன்னும் இறுகலை. அரைகுறையா வெளிய விடுறது தப்பு.”

இது உண்மை. மூன்றாவது துணைத்தேற்றத்தில் ஒரு இடம் தளர்வாகத்தான் இருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். தொட்டி கழுவினவர் வால்வை மூட மறந்து போய்விட்டார். சாயங்காலம் மாடிப்படியெல்லாம் தண்ணீர்.

மே 5, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் பணி. ஒரு மகராசன் எல்லாக் கேள்விக்கும் ‘இது தெளிவாகத் தெரிகிறது’ என்று எழுதி முடித்திருக்கிறான். எனக்குத் தெரியவில்லை, சுழி போட்டேன்.

மே 7, வியாழன்

சாப்பிடும்போது இவரிடம் ஜுலைகா வந்ததைச் சொன்னேன். இவர் பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். உலகத்தில் எந்தச் சிக்கலானாலும் ஒரு மாத்திரை இருக்கும் என்று நம்புகிறவர்.

“கேட்டா குடுக்க வேண்டியதுதான செண்பகம். உன்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போயி அந்தப் பிள்ளை என்ன, கோட்டையா கட்டப்போகுது?”

“பூனாக்காரர் கட்டினாரே.”

இவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, “அந்த ஆளை இன்னும் நீ விடலையா” என்றார்.

பூனாக்காரர் கதையை இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு மாநாட்டில் டீ குடிக்கும்போது ஒன்று சொன்னேன். அடுத்த வருடம் அது அவர் பெயரில் வந்தது. அடிக்குறிப்பில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார், அதிலும் என் இனிஷியலைத் தப்பாகப் போட்டிருந்தார். அவ்வளவுதான். இதே கேள்வியில்தான் அவரும் இப்போது வேலை செய்கிறார் என்று கேள்வி. நான் முறையைக் கொடுக்காததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மே 10, ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜுலைகா தன் தரவைக் கொடுக்கட்டும். கணக்கை நானே போட்டு, தோட்டங்களின் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன். முறை என்னிடமே இருக்கும். அவளுக்கு விடை போதும்தானே. போனில் சொன்னேன். “சரிங்க மேடம், காலம் இல்லை, அப்படியே செய்வோம்” என்றாள்.

மே 11, திங்கள்

கேட்டது ஒரு அட்டவணை. அவள் அனுப்பியதோ மூட்டை மூட்டையாக. எந்தத் தோட்டத்துக்கு எங்கிருந்து தண்ணீர், யார் யார் தோட்டத்துக்கு எந்த ஆட்கள் போகிறார்கள், மண் பரிசோதனை, படங்கள், எல்லாம். அத்தோடு ஒரு குறிப்பு: இந்த இந்த இடத்தில் நான் முதலில் அளந்தது தப்பு, திரும்ப அளந்திருக்கிறேன், தப்பானதையும் விட்டுவைத்திருக்கிறேன், யாராவது பார்க்க நேர்ந்தால் எப்படித் தவறினேன் என்று தெரியட்டும்.

தன் தப்பைத் துணி மாதிரி கொடியில் காயப்போடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் கட்டி முடித்தபின் சாரத்தைப் பிரித்துவிடுவோம். கட்டடம் மட்டும்தான் வெளியே தெரிய வேண்டும். அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

கேஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் மாட்டும்போது நகம் பிய்ந்துவிட்டது.

மே 13, புதன்

போட்டாயிற்று. ஐந்து தோட்டங்கள். ஐந்தே ஐந்தை எடுத்தால் தலைமடைக்கும் கடைமடைக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால் உடம்பு சிலிர்த்தது. பத்து, பன்னிரண்டு ஆகும் என்று அவர்கள் நிலையத்தில் பயந்துகொண்டிருந்தார்களாம். பெயர்களைச் சொன்னபோது ஜுலைகா போனிலேயே “யா அல்லாஹ்” என்றாள்.

“எப்படி வந்துச்சுன்னு ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது மேடம்?”

“கணக்குப் போட்டு வந்துச்சுன்னு சொல்லும்மா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். கணக்கு பொய் சொல்லாது.”

மே 16, சனி

பாசன சங்கத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஐந்து குடும்பத்துக்கும் அடுத்த நடவுக்கு மற்றவர்கள் கன்றும் ஆளும் தர வேண்டும் என்று பேச்சு. சங்கத் தலைவர் தெய்வேந்திரன்தான் முன்னின்று பேசி முடித்தாராம். “பெரிய காலேஜ் கணக்கு, மறுபேச்சு பேசாதீகன்னு ஒரே போடு போட்டுட்டாரு மேடம்” என்று ஜுலைகா சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் என்ன, நன்றாகவே இருந்தது.

மே 19, செவ்வாய்

ஜுலைகா கூப்பிட்டதால் மேலச்செங்குளம் போனேன். ஜீப்பில் போகும்போதே சொன்னேன், என்னை மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று. அக்கா என்கிறாள்.

போதுமணி என்கிற அம்மாளின் தோட்டத்தில் பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை. மரமெல்லாம் தார் விட்டு, முக்கால் வாசி திரண்டு நின்றது. இன்னும் ஒரு மாதம் விட்டால் வெட்டலாம். பொக்லைன் ஒவ்வொரு மரமாகச் சாய்க்கும்போது மெத்தென்று ஒரு சத்தம் வருகிறது. வாழை விழுந்தால் இவ்வளவு அடங்கிய சத்தம்தான் வரும் என்று எனக்குத் தெரியாது.

“கணக்கு போட்ட டீச்சர் இவுக தானா?” என்று ஜுலைகாவிடம் கேட்டார். அப்புறம் என்னிடம், “ஏன் டீச்சர், எந்தோட்டத்துல என்ன நோக்காடு?” என்றார்.

“அப்படி இல்லம்மா. உங்க தோட்டம் இருக்கிற இடம் அப்படி.”

“எடத்துக்கா நோய்?”

விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். விளக்கினால் முறையைச் சொல்ல வேண்டும். “கணக்குல அப்படி வந்திருக்கும்மா” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பசேலென்று இன்னொரு தோட்டம். அங்கே ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் வீரணனாம். அண்ணன் தம்பிக்கு ஒன்றாக இருந்த தோட்டத்தைப் பாகம் பிரித்ததில் சண்டை. அண்ணன் செத்த பிறகும் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. “நோய்த் தோட்டத்துப் பக்கத்துல நிக்காதடா” என்று மகனை அதட்டிக் கூட்டிக்கொண்டு போனார். போதுமணி காதில் விழும்படியாகத்தான் சொன்னார்.

மே 20, புதன்

மாவு புளித்துவிட்டது. வேலை ஓடவில்லை.

மே 24, ஞாயிறு

பூனாக்காரரின் கட்டுரை இன்று இணையத்தில் வந்துவிட்டது. என் முதன்மைத் தேற்றம், பாதிக்கு மேல். மூன்றாவது துணைத்தேற்றத்தில் நான் மல்லுக்கட்டிய இடத்தை ஒரு பத்தியில் தாண்டியிருக்கிறார். இந்தத் தடவை என்னிடமிருந்து எடுக்கவில்லை. அவரே கண்டுபிடித்தது, வேறு வழியில். அதுதான் கூடுதலாக எரிகிறது. கட்டுரைக்குக் கீழேயே தரவு, நிரல், எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து போட்டிருக்கிறார்.

எனக்கு வருத்தமில்லை. மதியம் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை, வெயில்.

இவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். மாத்திரை எதுவும் தராமல் இவர் உட்கார்ந்திருந்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அழுதேன்.

மே 25, திங்கள்

இனிப் பூட்டிவைத்து என்ன ஆகப்போகிறது. காலையில் எல்லாவற்றையும் ஜுலைகாவுக்கு அனுப்பிவிட்டேன். முறை, நிரல், பல வருடம் சேர்த்த வலைகளின் தொகுப்பு, ஒட்டுமொத்தமாக. ‘உனக்கு உபயோகப்பட்டால் வைத்துக்கொள்’ என்று ஒரு வரி. அதில் பெருந்தன்மை ஒன்றும் கிடையாது, வெறுப்பில் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதுபோலப் போட்டேன்.

மூன்று மணிக்கு வாசலில் ஜீப். ஜுலைகா மடிக்கணினியைத் திறந்தபடியே உள்ளே வந்தாள்.

“அக்கா, ஆரம்பத்துலயே ஒரு வேலை நடக்குதே, அது என்ன பண்ணுது?”

“அதுவா? இரட்டைப் புள்ளிகளை ஒண்ணாக்குறது. ரெண்டு புள்ளிக்குக் கோடு போற இடமெல்லாம் ஒண்ணா இருந்தா, ரெண்டும் ஒண்ணுதான. ஒண்ணை வச்சுக்கிட்டு இன்னொண்ணைத் தூக்கிருவோம். எல்லாரும் செய்யறதுதான்.”

“தூக்கினதைக் கடைசியில திரும்பக் கொண்டு வருவீங்களா?”

மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, நிரலின் கடைசி வரி வரைக்கும் உருட்டிப் பார்த்தேன்.

கொண்டு வருவதில்லை. எனக்கு எந்தப் புள்ளி என்பது ஒருநாளும் முக்கியமாக இருந்ததில்லை. வலை எந்த வகை, எத்தனை விதமாகப் பிரியும் என்பதுதான் என் கேள்வி. அதற்கு இரட்டையில் ஒன்று போதும். இத்தனை வருடமும் போதுமாக இருந்தது.

“போதுமணி தோட்டமும் வீரணன் தோட்டமும் ஒரே தோட்டமா இருந்து பிரிச்சது அக்கா. ஒரே மடை, ஒரே கெணறு, ஒரே ஆளுக. கோடெல்லாம் ஒண்ணுதான். உங்க கணக்குல அது ஒரு தோட்டம்.” திரையில் இரண்டு பெயரையும் தொட்டுக் காட்டினாள். “எங்களுக்கு ஒரே மாதிரி ரெண்டு செடி கிடைச்சா கொண்டாட்டம். ஒண்ணை வச்சு இன்னொண்ணைச் சரிபாப்போம். நீங்க ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டீங்க.”

போதுமணி தோட்டத்தைத் தோண்டியாயிற்று. வீரணன் தோட்டம் அப்படியே நிற்கிறது. போதுமணி வழியாகப் போக இருந்த நோய் வீரணன் வழியாகப் போகும். தோண்டியதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று என் நிரல் எப்படி முடிவு செய்கிறது என்று கேட்டாள். பெயர் வரிசையில் எது முதலில் வருகிறதோ அது. ‘போ’ முதலில் வந்தது, ‘வீ’ பின்னால் வந்தது.

அவள் கிளம்பும்போது, “அன்னைக்கே குடுத்திருந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாள்.

மே 26, செவ்வாய்

இரண்டு பேரும் உட்கார்ந்து, இரட்டைகளைப் பிரித்து வைத்து, முதலிலிருந்து போட்டோம். மற்ற நான்கு தோட்டங்களும் சரிதான். ஐந்தாவது இடத்தில்தான் கோளாறு. அங்கே போதுமணி, வீரணன் இருவரையும் எடுக்க வேண்டும், அல்லது அவர்களுக்குப் பதிலாகத் தெய்வேந்திரன் தோட்டம் ஒன்றை எடுத்தால் போதும். சங்கத் தலைவர் தெய்வேந்திரன்தான். அங்கே போன மாதமே தார் வெட்டியாயிற்று. கட்டையும் சின்னக் கன்றும்தான் நிற்கிறதாம்.

என் கணக்கு இரண்டு புள்ளியை ஒன்றாக எண்ணியதால் இதுவும் அதுவும் சமமாகத் தெரிந்திருக்கிறது. சமம் என்று வந்ததும் தேடலில் முதலில் தட்டுப்பட்டதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டது. முறையை மே நான்காம் தேதி கொடுத்திருந்தால் ஜுலைகா அன்றைக்கே பார்த்திருப்பாள். அவளுக்கு இதைப் பிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. போதுமணியின் தார்கள் இன்னும் மூன்று வாரத்தில் வெட்டுக்கு வந்திருக்கும்.

எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. மூன்றாவது துணைத்தேற்றமாம்.

மே 27, புதன்

போதுமணி வீட்டுக்குப் போனோம். பக்ரீத்துக்கு முந்தின நாள், ஜுலைகா வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும். நான் மட்டும் போகிறேன் என்றேன், கேட்கவில்லை. புளி உடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை ஒதுக்கி இடம் விட்டார். நான்தான் சொன்னேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்து, இது உங்கள் தோட்டம், இது கொழுந்தன் தோட்டம், இரண்டையும் நான் ஒன்று என்று எண்ணிவிட்டேன், பெயர் முன்னால் வந்ததால் உங்களுடையது போனது, தோண்டியிருக்கவே வேண்டாம் என்று.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் தோட்டத்துக் கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அப்ப எந்தோட்டத்துல நோய் இல்ல.”

“இல்லம்மா. ஒரு மரத்துலயும் இல்ல.”

“கன்னு விக்கிறவன் எங்கிட்ட வர மாட்டேங்குறான். களையெடுக்க வர்ற பிள்ளைக எம்மம்பட்டியத் தொட மாட்டேங்குதுக. கொழா அடியில எங்கொடத்த நகட்டி வக்கிறாளுக.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இத ஊரு முன்னாடி சொல்லுவீகளா?”

சொல்கிறேன் என்றேன்.

“கணக்கு தப்புன்னு சொல்லப்பிடாது. யாரு தப்புன்னு சொல்லணும்.”

மே 29, வெள்ளி

சங்கக் கூட்டம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள், மைக் செட்டும் இருந்தது. கருத்தரங்குகளில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். இன்றைக்கு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

சொன்னேன். தப்பு என்னுடையது, ஜுலைகாவுடையது இல்லை, அவர் முறையைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பிடித்திருப்பார். இப்போது இரண்டு வழி இருக்கிறது. வீரணன் தோட்டத்தையும் தோண்டலாம், அல்லது தலைவர் தோட்டத்தைத் தோண்டலாம். இரண்டும் சமம். எதை என்று கணக்கு சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். முன்னேயும் அப்படித்தான் இருந்தது, அதை நான் பார்க்கவும் இல்லை, உங்களிடம் சொல்லவும் இல்லை.

தெய்வேந்திரன் எழுந்தார்.

“போன கூட்டத்துல ஒரு கணக்கு, இந்தக் கூட்டத்துல ஒரு கணக்கு. அடுத்த கூட்டத்துக்கு என்ன கணக்கு கொண்டு வருவீக? இத எப்படி நம்புறது?”

“நம்ப வேணாங்க” என்றேன். “முறை, தரவு எல்லாத்தையும் இதுல போட்டு வச்சிருக்கோம். யாரை வச்சு வேணும்னாலும் போட்டுப் பாருங்க. எனக்கு வேண்டாத ஆளா பாத்துக் குடுத்தா இன்னும் நல்லது.”

பென் டிரைவை வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய தங்கை மகன் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறானாம். வீரணன் ஒரு ஓரத்தில் நின்றார்.

கூட்டம் கலையப் போகும்போது பெண்கள் பக்கமிருந்து போதுமணி எழுந்தார். “எந்தோட்டத்தப் பத்திச் சொன்னீகளே, அத மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர். பின்னாடி நிக்கிறவுகளுக்குக் கேக்கல.”

மைக்கை வாங்கி இன்னொரு முறை சொன்னேன்.

மே 31, ஞாயிறு

தங்கை மகனுக்கும் அதே விடைதான் வந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாத ஒரு சின்னப் பிழையையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். பட்டியல் மாறாது என்றாலும் திருத்த வேண்டியதுதான். தெய்வேந்திரன் மறுபடி கூட்டம் போடவில்லை. “எனக்குக் கட்டதான போகுது” என்று சொல்லிவிட்டுப் பொக்லைனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் பாதி போய்விட்டது.

ஜூன் 2, செவ்வாய்

கல்லூரி திறக்கும் முன் பரணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்யவில்லை.

பூனாக்காரருக்கு எழுதினேன். அவர் திறந்து போட்டதைப் படித்தபோது பார்த்தேன், அவருடைய முறையிலும் முதல் வேலை இரட்டைகளை ஒன்றாக்குவதுதான், கடைசியில் திருப்பி விரிப்பதில்லை. எங்கள் ஆட்கள் யார் செய்தாலும் இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது. மேலச்செங்குளத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். உங்கள் முறையை நாளைக்கு யாராவது ஆஸ்பத்திரிக்கோ அணைக்கோ எடுத்துக்கொண்டு போவார்கள், அதற்குள் திருத்திவிடுங்கள் என்று முடித்தேன். சாயங்காலமே பதில் வந்தது. நன்றி சொல்லி, இருவரும் சேர்ந்து எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். இனிஷியல் சரியாக இருந்தது. மூன்றாவது பெயராக ஜுலைகாவையும் போடுவதென்றால் சரி என்று எழுதினேன்.

ஜூன் 3, புதன்

தண்ணீர் திறந்துவிட்டார்கள். தாண்டுமா தாண்டாதா என்று தெரிய இன்னும் மாதங்கள் ஆகும் என்கிறாள் ஜுலைகா. எனக்கு ஒரு வேலை முடிந்தால் முடிந்ததுதான், பொறுத்திருந்து பார்ப்பது பழக்கமில்லை. பழக வேண்டும்.

ஜூன் 4, வியாழன்

காலையில் போதுமணி போன் செய்தார். “கூட்டத்துக்கு வராதவுக நெறையப் பேரு இருக்காக டீச்சர். நீங்க வந்து வீடு வீடாச் சொல்லணும்.” கேட்கும் தொனியில் இல்லை. இவர் கடைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

போதுமணி முன்னால் நடந்தார், நான் பின்னால். கன்று வியாபாரி வீடு, களையெடுக்கும் பெண்கள் இருக்கும் தெரு, குழாயடி. ஒவ்வொரு இடத்திலும், “இவுகதான் கணக்கு போட்ட டீச்சர், என்ன சொல்றாகன்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார். நான் சொல்ல வேண்டும். அந்தம்மா தோட்டத்தில் நோய் இல்லை, தப்பு என்னுடையது. முதல் வீட்டில் சுற்றி வளைத்தேன். போகப் போகச் சுருக்கமாகவும் தெளிவாகவும் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. போதுமணி குடை வைத்திருந்தார், ஆனால் அதை என் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வீரணன் வீடு வந்ததும் தெருவிலேயே நின்றுகொண்டார். “இங்க நீங்க மட்டும் போங்க.”

உள்ளே வீரணன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிக்கும் முன்பே, “அதான் மைக்குல சொன்னீகளே” என்றார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். ரெண்டும் ஒண்ணுன்னீக. அப்ப மதினி தோட்டம் போனதுக்கும் எந்தோட்டம் நிக்கிறதுக்கும் வேற காரணமே இல்லையா?” என்றார்.

“இல்லைங்க. பெயர் வரிசைதான்.”

“எங்கய்யா எனக்கு மொதல்ல ஆண்டின்னுதான் பேரு வச்சாரு. பள்ளிக்கூடத்துலதான் மாத்துனது.”

‘ஆ’ என்றால் ‘போ’வுக்கு முன்னால் வந்திருக்கும். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார்.

“மதினி” என்று கூப்பிட்டார். “வெயில்ல நிக்கிறீக. உள்ள வாங்க.”

போதுமணி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

“உள்ளல்லாம் வரல” என்றார். “தண்ணி கொண்டாரச் சொல்லுங்க, இங்கனயே குடிச்சுக்கிறேன்.”

வீரணன் மனைவி ஓடிப் போய்ச் செம்பில் கொண்டுவந்தாள். போதுமணி அண்ணாந்து பாதி குடித்தார். மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

“குடிங்க டீச்சர். இன்னும் ரெண்டு தெரு கெடக்கு.”